மர்ச்சிசன் நீர்வீழ்ச்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆப்பிரிக்காவில் சஃபாரி என்றதும் கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். உகாண்டா என்றால் கொரில்லாவோடு நிறுத்திக்கொள்வார்கள். காட்டு விலங்குகளும் வேண்டும், நல்ல அருவியும் வேண்டும், இரண்டுக்கும் தனித்தனியாகப் பயணம் போக முடியாது என்றால், நான் கை காட்டுவது அந்த நாட்டின் வடமேற்கில் இருக்கும் மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி தேசியப் பூங்காவைத்தான்.

ஏறக்குறைய 3,840 சதுர கிலோமீட்டர். உகாண்டாவின் தேசியப் பூங்காக்களில் இதுதான் பெரியது. 1952-இல் தேசியப் பூங்காவானது. நடுவே நைல் ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடி, பூங்காவை வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. விலங்குகள் நிறைந்த புல்வெளி வடக்கே. காடும் அருவிக்குப் போகும் சாலையும் தெற்கே. படகு இரண்டுக்கும் நடுவே. முதல்முறை போகிறவர்கள் விலங்குப் பட்டியலை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். ஆற்றை வைத்துப் போட்டால் பணமும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஊசி

விமான டிக்கெட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டதற்கான சான்றிதழைத்தான் மஞ்சள் அட்டை என்பார்கள், உகாண்டாவுக்குள் நுழையவே அது வேண்டும். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது இந்தியாவும் அதைக் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவரை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. இலங்கைக்குத் திரும்புகிறவர்களிடமும் இந்தச் சான்றிதழ் கேட்கப்படும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. ஊசி போடும் நாளை முன்கூட்டியே கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

மலேரியா மாத்திரையையும் அப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நைல் கரையில் கொசு உண்டு. நம் ஊரில் பார்க்காத கொசுவா என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பரவும் மலேரியா பெரும்பாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை.

விசா, விமானம், பணம்

விசா இணையத்தில் விண்ணப்பிப்பதுதான். சுற்றுலா விசா 50 டாலர். கென்யா, ருவாண்டாவையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால், மூன்று நாட்டுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலருக்குக் கிடைக்கிறது, 90 நாள் செல்லும். முதலில் நுழையும் நாட்டிடம்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை, அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்களும் இருக்கின்றன, கவனம்.

இறங்க வேண்டிய விமான நிலையம் எண்டபே. சென்னையிலிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாறிப் போக வேண்டியிருக்கும். உகாண்டா ஏர்லைன்ஸ் 2023-இல் மும்பையிலிருந்து நேரடிச் சேவை தொடங்கியது, அதையும் பார்த்துவையுங்கள். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால்.

டாலர் நோட்டு கொண்டுபோனால் புதிதாக, கிழிசல் மடிப்பு இல்லாமல் கொண்டுபோங்கள். பழைய ஆண்டு அச்சிட்ட நோட்டை வாங்க மாட்டார்கள், சின்ன நோட்டுக்கு மாற்று விகிதமும் குறைவு. எங்களில் ஒருவர் ஒரு டாலர், ஐந்து டாலராகப் பெரிய கட்டு எடுத்துவந்து கடைசிவரை அதைச் சுமந்துகொண்டே அலைந்தார். உள்ளூர்ச் செலவுக்கு உகாண்டா ஷில்லிங். பூங்காக் கட்டணங்களுக்கு ரொக்கத்தை நம்பாதீர்கள். கார்டு, மொபைல் பணம், முன்பதிவு ரசீது, இவற்றில் ஒன்று கையில் இருக்கட்டும். டிரைவரோடு போனால் அவர் முன்னாலேயே கட்டிவைப்பது நல்லது.

எப்போது போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உத்தமம். மழை இல்லை, புல் காய்ந்து குட்டையாக இருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி ஆற்றங்கரைக்கு வரும். ஜூன், ஜூலையும் பரவாயில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையும் மழை கூடுதல். புல் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கமும் தெரியாது. பிப்ரவரியில் வெயில் சுடும், புகை மூட்டமும் இருக்கும். வேலூர்க்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு வெயிலாகவே தெரியாது.

வண்டியும் வழியும்

தலைநகர் கம்பாலாவிலிருந்து பூங்காவின் நடுப்புள்ளியான பாராவுக்குச் சுமார் 300 கிலோமீட்டர். ஐந்து, ஆறு மணி நேரம். பாரா என்பது அந்தப் பகுதி மொழியில் நீர்யானைகளின் இடம் என்று பொருள்படுவதாகச் சொல்கிறார்கள். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே புல் மேயும் சத்தம் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

போவதற்கு மூன்று வழி. டிரைவரோடு கூரை திறக்கும் நான்கு சக்கர இயக்க வண்டி எடுப்பது முதலாவது. நாலைந்து பேர் சேர்ந்தால் இதுதான் கட்டுபடியாகும். தனி ஆளாக இருந்தால், கம்பாலாவில் பட்ஜெட் விடுதிகள் நடத்தும் மூன்று நாள் குழுப் பயணங்களில் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, வாடகை வண்டியை நீங்களே ஓட்டுவது. உகாண்டாவில் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்த வகையில் சிரமம் இல்லை. ஆனாலும் முதல் பயணத்துக்கு டிரைவர் வேண்டும் என்பேன். சாலை தெரியும் என்பதற்காக மட்டும் இல்லை. எதிரே வரும் டிரைவரிடம் ஜன்னல் வழியாக நாலு வார்த்தை பேசி, சிறுத்தை எந்த மரத்தில் என்று தெரிந்துகொண்டுவிடுவார். நமக்கு அந்தத் தகவல் கிடைக்காது.

சிறு விமானத்திலும் போகலாம், பூங்காவுக்குள் பக்குபா, புகுங்கு, சோபே என்று ஓடுதளங்கள் உண்டு. செலவு அதிகம். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1954 ஜனவரியில் அருவியைச் சுற்றிப் பார்க்கப் போன சிறு விமானம் தந்திக் கம்பியில் மோதி விழுந்தது. படகில் மீட்டுப் புட்டியாபாவுக்குக் கொண்டுபோய் வேறொரு விமானத்தில் ஏற்றினார்கள்; அது கிளம்பும்போதே தீப்பிடித்தது. அவர் இறந்துவிட்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. இன்றைய விமானங்களுக்கு அந்தக் கதையைப் பொருத்த வேண்டாம், சும்மா சொல்லிவைத்தேன்.

பழைய பயணக் குறிப்புகளில் பாராவில் ஃபெரிக்காகக் காத்திருந்த புலம்பல் நிறைய வரும். இப்போது அங்கே பாலம் இருக்கிறது, தெற்கே மசிந்தி ஊரிலிருந்து வரும் சாலையும் தார்ச்சாலையாகிவிட்டது. மகிழ்ச்சிதான், ஆனால் இந்தச் சாலை சுற்றுலாவுக்காக மட்டும் வரவில்லை. பூங்காவின் மேற்குப் பகுதியிலும் ஆல்பர்ட் ஏரிக்கரையிலும் எண்ணெய் கிடைத்திருக்கிறது. டிலெங்கா எண்ணெய்த் திட்டத்தின் கிணறுகளில் ஒரு பகுதி பூங்காவின் எல்லைக்குள்ளேயே வருகிறது. காட்டு நடுவே கனரக வண்டிகளையும் வேலியிட்ட இடங்களையும் பார்த்தால் திகைக்க வேண்டாம். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டதும் எங்கள் டிரைவர், “உங்கள் ஊரில் எண்ணெய் வந்தால் வேண்டாம் என்பீர்களா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வழியில் ஸீவா காண்டாமிருகச் சரணாலயத்தில் நிற்க வேண்டும், குலு நெடுஞ்சாலையில் கஃபு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரியும் பாதை. ஏனென்றால் காண்டாமிருகங்கள் வேட்டையில் அழிந்து, 1980-களில் உகாண்டாவிலேயே காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு ஸீவாவில் ஆறு வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். நான்கு கென்யாவிலிருந்து, இரண்டு அமெரிக்காவிலிருந்து. 2009-இல் முதல் குட்டி பிறந்தது. அப்பா கென்யா, அம்மா அமெரிக்கா என்பதால் அதற்கு ஒபாமா என்று பெயர் வைத்தார்கள். இங்கே வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது கிடையாது. ரேஞ்சர் பின்னால் வரிசையாக நடந்துதான் போக வேண்டும். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் அவை நிழலில் படுக்குமுன் பார்த்துவிடலாம்.

மசிந்தியில் டீசல், பணம், தண்ணீர் மூன்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கடை என்று நம்பி எதுவும் இல்லை.

டிக்கெட்டின் 24 மணி நேரம்

நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு ஆளுக்கு நாற்பது ஐம்பது டாலர் அளவில் வரும். காலண்டர் நாள் கணக்கு கிடையாது. வாயிலில் நுழைந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் காசு மிஞ்சும். பிற்பகல் 3 மணிக்குக் கிச்சும்பன்யோபோ வாயிலில் நுழைகிறீர்கள் என்றால், இரண்டு சீட்டில் மூன்றாம் நாள் பிற்பகல் 3 மணி வரை உள்ளே இருக்கலாம். இரண்டு இரவு, ஒன்றரைப் பகலுக்கு மேலே. காலை 10 மணிக்கே அவசரமாக நுழைந்துவிட்டால் மூன்றாம் நாள் காலைச் சுற்றை முடிப்பதற்குள் சீட்டு காலாவதி. அதனால்தான் முதல் நாள் காலையை ஸீவாவுக்கு ஒதுக்கச் சொன்னேன்.

படகு, ரேஞ்சர், அருவிக்கு ஏறும் நடை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். எல்லாம் சேர்த்து என்று சொன்ன ஒரு பயண ஏற்பாட்டாளரை நம்பிப் போய், கரையில் இறங்கிய பிறகு நடைக்குப் பணம் கட்டவில்லை என்று தெரிந்து நாங்கள் விழித்தோம். எதெல்லாம் சேர்த்தி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது

காக்கி, பழுப்பு, வெளிர்பச்சை. கருநீலமும் கறுப்பும் கூடவே கூடாது. பார்வைக்காகச் சொல்லவில்லை, செட்சி ஈக்காகச் சொல்கிறேன். தென்கரைக் காட்டுப் பகுதியில் இந்த ஈ அதிகம். அடர்நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். சாலையோரம் நீலமும் கறுப்புமாகத் துணி தொங்குவதைப் பார்ப்பீர்கள், அதெல்லாம் ஈப்பொறி. நான் பிடித்த கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் வண்டியில் நான்தான் நடமாடும் பொறி. சட்டைக்கு மேலேயே குத்தும், கொசு விரட்டும் களிம்புக்கு மசியாது. அந்த வழியில் ஜன்னலை ஏற்றிவிட்டுப் போவதுதான் வழி.

இந்த ஈக்கும் இந்தப் பூங்காவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செட்சி ஈ பரப்பும் தூக்க நோய் பெருந்தொற்றாகப் பரவியபோது, ஆங்கிலேய ஆட்சி இங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றியது. ஊர்கள் காலியாயின, விலங்குகள் பெருகின, பின்னர் அது வேட்டைக் காப்பகமாகி, பூங்காவாகியது. மனிதர் கால் படாத காடு என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். கால் பட்ட காடுதான்.

வடகரையில் விடியல்

இரண்டாம் நாள் காலை, வடகரையில் புலிகி புல்வெளிக்கு. விக்டோரியா நைலும் ஆல்பர்ட் நைலும் சேரும் முனை அது. விடியும்போதே, ஆறரை மணிக்கே வண்டி நகர்ந்துவிட வேண்டும். லாட்ஜில் காலை உணவு முடித்துவிட்டுப் போகலாம் என்பவர்களுக்குச் சிங்கம் இல்லை. பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள், தருவார்கள். ஒரு ரேஞ்சரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் இருபது டாலர் அளவு கட்டணம் வீண் போகாது.

முதலில் கண்ணில் படுவது ஒட்டகச்சிவிங்கி, அதுவும் கூட்டம் கூட்டமாக. இவை ரோத்ஸ்சைல்ட் வகை. உலகில் இந்த வகையின் பெரிய கூட்டம் இங்கேதான். அடையாளம் எளிது, முழங்காலுக்குக் கீழே புள்ளி இருக்காது, வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். இவை முன்பு வடகரையில் மட்டுமே இருந்தன. ஆறு தாண்ட முடியாதே. 2016-இல் சிலவற்றைப் பிடித்துத் தென்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

சிங்கத்தைத் தேடித் தூசி கிளப்பிக்கொண்டு ஓட வேண்டாம். கோப் மான்கள் மேயும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மான்களைப் பாருங்கள். எல்லாம் மேய்வதை விட்டு ஒரே பக்கம் வெறித்தால், ஒட்டகச்சிவிங்கிகளும் அதே பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்தால், அங்கே ஏதோ இருக்கிறது. கோப் எச்சரிக்கையாகச் சீழ்க்கை அடிக்கும். நாங்கள் அப்படி இருபது நிமிடம் காத்திருந்து பார்த்தது ஒரு பெண் சிங்கத்தின் இரண்டு காது மட்டும். அது போதும்.

யானை, காட்டெருமை, ஹார்ட்டிபீஸ்ட், ஒரிபி என்ற மான் வகைகள், வார்த்தாக் பன்றி எல்லாம் நிறையவே தென்படும். நம் யானையைப் பார்த்துப் பழகியவர்கள் தந்தத்தை வைத்து ஆண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு. குட்டியோடு நிற்கும் தந்தக்காரி வழியை மறித்தால் டிரைவர் பின்வாங்குவார், நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம். வரிக்குதிரை, சீட்டா, வில்டெபீஸ்ட் இங்கே கிடையாது. உகாண்டாவில் வரிக்குதிரை வேண்டுமென்றால் லேக் ம்புரோ அல்லது கிடெப்போ. புலி ஆப்பிரிக்காவிலேயே கிடையாது. சிரிக்காதீர்கள், இதைக் கேட்டவர் எங்கள் வண்டியிலேயே இருந்தார்.

அப்புறம் அந்தப் பனைமரங்கள். புலிகி புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் வரிசையாகப் பனை நிற்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் ஊர் குழம்பிவிட்டது. நம் பனையின் பங்காளிதான் அது, ஆப்பிரிக்கப் பனை, அதே போராசஸ் பேரினம். நடுமரம் கொஞ்சம் பருத்திருக்கும். பழம் பழுத்தால் யானைகள் தேடிவந்து தின்னும், கொட்டையை எங்கோ கொண்டுபோய்ச் சாணியோடு போடும், அங்கே ஒரு பனை முளைக்கும். பனங்காயில் வண்டி செய்து ஓட்டிய தலைமுறைக்காரர்கள் அந்த மரத்தடியில் ஒரு படம் எடுக்காமல் வர மாட்டார்கள். எடுங்கள், ஆனால் வண்டிக்குள்ளிருந்தே. அனுமதிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. வேகம் 40-க்கு மேல் கூடாது, பாதையை விட்டுப் புல்லுக்குள் வண்டியை இறக்கக் கூடாது, இறக்கினால் அபராதம். மாலை 7 மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

பிற்பகல் படகு, அப்புறம் நடை

இந்தப் பயணத்தில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். பாராவிலிருந்து ஆற்றை எதிர்த்து அருவியடி வரை படகு போகிறது. காலையிலும் உண்டு, பிற்பகல் இரண்டு மணி வாக்கிலும் உண்டு. பிற்பகல் படகையே எடுங்கள். காரணம் எளியது: நைல் இங்கே மேற்கு நோக்கி விழுகிறது. படகு கிழக்கே போகிறது. பிற்பகலில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம், அருவியின் முகத்தில் விழும். வானவில் தெரிவதும் அப்போதுதான். வெக்கை தாங்காமல் யானைகள் தண்ணீருக்கு வருவதும் அந்த நேரம்தான்.

வழி நெடுக நீர்யானை. எண்ணத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் விட்டுவிடுவீர்கள். மணல் திட்டில் முதலைகள் வாயைத் திறந்தபடி கிடக்கும். கோபம் இல்லை, உடல் சூட்டை ஆற்றுகின்றன. கரையின் செம்மண் சுவரில் துளை துளையாக இருந்தால் செந்தொண்டைப் பஞ்சுருட்டான்களின் கூடு. மீன்பிடிக் கழுகின் குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது.

கொஞ்ச தூரம் போனதும் தண்ணீரில் வெள்ளை நுரை மிதந்து வரத் தொடங்கும். அப்புறம் சத்தம். அதன் பிறகுதான் அருவி. படகு அடிவரை போகாது, சில நூறு மீட்டர் முன்பே ஒரு பாறையருகில் நின்றுவிடும், அதற்கு மேல் நீரோட்டம் விடாது. அங்கிருந்து பார்த்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவுதானா? உயரம் வெறும் 43 மீட்டர். இதன் சங்கதி உயரத்தில் இல்லை, இடுக்கில் இருக்கிறது. ஐம்பது மீட்டர் அகலத்தில் வரும் நைல் முழுவதும் ஏழு மீட்டர் பாறைப் பிளவுக்குள் நுழைந்து வெளியே பீறிடுகிறது. ஒவ்வொரு நொடியும் சுமார் 300 கன மீட்டர் தண்ணீர். அதைப் புரிந்துகொள்ள மேலே ஏற வேண்டும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அதே படகில் பாராவுக்குத் திரும்பிவிட்டு, மறுநாள் வண்டியில் மேலே போகிறார்கள். அரை நாள் போச்சு. கரையில் இறங்கி, ரேஞ்சரோடு நடந்தே உச்சிக்கு ஏறுங்கள். டிரைவரை வண்டியோடு தென்கரைச் சாலை வழியாக மேலே வரச் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரம், மெதுவாகப் போனால் ஒரு மணி நேரம். சில இடம் செங்குத்து, சாரல் விழும் இடத்தில் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ வேண்டும். செருப்போடு வந்த ஒரு குடும்பத்தைப் பாதியில் உட்கார்ந்த நிலையில் பார்த்தோம். ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். கேமராவுக்குப் பிளாஸ்டிக் பை. மண்ணில் மின்னுவது தங்கம் இல்லை, மைக்கா.

பாதையில் ஒரு திருப்பத்தில் இரண்டு அருவிகளும் ஒன்றாகத் தெரியும். பக்கத்தில் அகலமாக விழுவது ஊஹூரு. 1962-இல் வந்த பெருவெள்ளத்தில் ஆறு தனக்கு இன்னொரு வாய் திறந்துகொண்டது. உகாண்டா விடுதலை பெற்ற ஆண்டும் அதுவே, ஊஹூரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. பெரிய அருவிக்கு 1864-இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயப் பயணி, ராயல் புவியியல் கழகத் தலைவர் மர்ச்சிசனின் பெயரை வைத்தார். சர்வாதிகாரி இடி அமீன் காலத்தில் அது, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட புன்யோரோ மன்னர் கபலேகாவின் பெயருக்கு மாறி, பிறகு மறுபடியும் பழைய பெயருக்கே வந்துவிட்டது.

உச்சியில் பிளவின் விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது காலடிப் பாறை அதிர்வது உள்ளங்காலில் தெரியும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. தடுப்புக் கம்பி இருக்கும் இடத்தோடு நின்றுகொள்ளுங்கள், ஈரப் பாறையில் செல்ஃபி வேண்டாம். ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்பினால்தான் 7 மணிக்குள் தங்குமிடம் சேரலாம். வண்டியின் ஜன்னலை மூடிவிட்டு இறங்குங்கள். மேலே பபூன்கள் உண்டு. எங்கள் வாழைப்பழச் சீப்பை ஒன்று எடுத்துக்கொண்டுபோய், எங்களைப் பார்த்தபடியே உரித்துத் தின்றது.

ஆற்றில் குளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலையை விடுங்கள், ஆல்பர்ட் ஏரிப் பக்கம் தோல் வழியாக உடம்புக்குள் புகும் பில்ஹார்சியா புழு இருக்கிறது. வேண்டாம்.

மூன்றாம் நாள்

இரண்டு வழி இருக்கிறது. பறவைப் பிரியராக இருந்தால் ஆற்றின் போக்கில் ஆல்பர்ட் ஏரி முகத்துவாரத்துக்குப் படகில் போய் ஷூபில் பறவையைத் தேடுங்கள். மரச்செருப்பைக் கவிழ்த்து வைத்ததுபோல அலகு. அசையாமல் நிற்பதே அதன் தொழில். பார்க்காமல் திரும்பவும் வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் வெளியேறும் வழியில் புடோங்கோ காட்டில் கனியோ பபிடியில் சிம்பன்ஸி நடை. அதற்கு முன்பதிவு கட்டாயம். சளி, காய்ச்சல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள், நம் சளி அவற்றைக் கொன்றுவிடும்.

சாப்பாடும் பேச்சும்

சைவக்காரர்கள் பயப்படத் தேவையில்லை. சப்பாத்தி அங்கே தெருவோர உணவு. ரயில் போடவும் வாணிபம் செய்யவும் போன இந்தியர் வழியாகப் போய், முழுக்க உகாண்டாவுடையதாகிவிட்டது. முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டித் தருவதன் பெயர் ரோலெக்ஸ். கடிகாரம் இல்லை, ரோல்டு எக்ஸ் என்பது சுருங்கிய பெயர். மட்டோகே என்ற வேகவைத்த வாழைக்காய் மசியல், நிலக்கடலைக் குழம்பு, பீன்ஸ், போஷோ என்ற மக்காச்சோளக் களி. ஊறுகாய் ஒரு சின்னப் பாட்டில் எடுத்துப் போங்கள், போஷோவுக்குத் துணை வேண்டும். லாட்ஜ்களில் வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்டால் முன்நாளே சொல்ல வேண்டும். கூடாரத்தில் தங்கினால் உள்ளே தின்பண்டம் வைக்காதீர்கள். வார்த்தாக் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

கம்பாலா பக்கம் நன்றிக்கு வெபாலே, பூங்காவின் வடபுறம் அச்சோலி பேசுபவர்களிடம் அப்வோயோ. ஆண்களை ஸெபோ என்றும் பெண்களை ந்யாபோ என்றும் மரியாதையாக அழைப்பார்கள், நீங்களும் அழைக்கலாம். சார்ஜருக்கு இங்கிலாந்து வகை சதுர முள் பிளக் வேண்டும். பல தங்குமிடங்களில் மின்சாரம் சில மணி நேரம்தான், பவர் பேங்க் கைகொடுக்கும். உள்ளூர் சிம் எண்டபேயிலேயே வாங்கிவிடுங்கள். ஏர்டெல் பலகையைப் பார்த்து உங்கள் இந்திய ஏர்டெல் சும்மா வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். பூங்காவுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால், கம்பாலாவுக்குக் கிழக்கே ஜின்ஜா. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படும் இடம். காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-இல் அங்கே கரைக்கப்பட்டது, சிலையும் இருக்கிறது. அங்கே அமைதியாக நழுவும் அதே தண்ணீர்தான் நடுவே இன்னொரு ஏரியைக் கடந்து போய் அந்த ஏழு மீட்டர் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. முதலில் ஜின்ஜா, பிறகு மர்ச்சிசன் என்று போவது என் கணக்கில் சரியான வரிசை.

திரும்பும்போது லுவேரோ சாலையோரத்தில் அன்னாசி வாங்கித் தின்றுவிட்டு வாருங்கள், அவ்வளவு இனிப்பு. மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். சென்னையில் இறங்கியதும் பெட்டி வருவதற்கு முன்பே சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள்.